முறக்காது வேட்பாளர்

தான் வரைந்த காதுக்குப் பயந்து, ஒரு வேட்பாளர் அட்டையில் காது செய்து ஒட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனார் என்று கேலிச்சித்திரக்காரர் தெட்சிணாமூர்த்தி சொன்னபோது, கடற்கரைச் சாலை டீக்கடையில் பொங்கிவந்த பால்கூட ஒரு நொடி அடங்கியது.

பிரதீபா செல்போன் பதிவை நிறுத்தினாள். அவர் ஆயுசெல்லாம் கேலிச்சித்திரம் போட்ட நாளிதழில் ஞாயிறு மலர் இப்போது அவள் பொறுப்பு. அவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம். நாளைக்கு அச்சு.

"சாட்சி இல்லாம போட முடியாதுங்க சார். ஆசிரியர் அடிச்சிடுவாரு."

"மத்த எதை வேணா அடிக்கட்டும். இது இருக்கணும்மா. என் பென்சில் செஞ்சதுலயே பெரிய காரியம் இதுதான்."

அந்த வேட்பாளரின் காதை முதலில் முறம் அளவுக்குத்தான் வரைந்தாராம். வாரத்துக்கு வாரம் வளர்ந்த காது, கட்டம் போதாமல் பக்கத்து மாட்டுத்தீவன விளம்பரத்துக்குள் புகுந்ததாம். பேப்பரில் மட்டுமே ஆளைப் பார்த்திருந்த காரைக்கால்மேட்டுப் பெண்கள், மீன் ஏலத்தில் நேரில் வந்து கும்பிட்டவரை, "காது எங்கய்யா? நீ டூப்பு!" என்று விரட்டிவிட்டார்களாம்.

மறுநாள் அவர் காதோடு வந்தாராம்.

"புளுகு," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த சிவநாதன். தெட்சிணாமூர்த்தியோடு தினமும் டீ குடிக்கிறவர். இந்தக் கதைக்கு எப்போதும் அவர் போடும் முத்திரை அந்த ஒரு சொல்தான்.

பிரதீபாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "யாருங்க சார் அவரு? பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டுடறேன்."

"அது மட்டும் முடியாது. சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்ப எடுத்துடட்டுமா சார்?"

எறும்பைக் கேட்டால் யானையைக் கொண்டுவந்து நிறுத்துகிற மனிதர், முதன்முறையாக ஒரு சொல்லும் கூடுதலாகச் சேர்க்காமல் சொன்னார்.

"எடுத்துடும்மா."

சிவநாதன் டம்ளரை வைத்தார். நண்பரின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"எடுக்காதம்மா. அந்த வெயில்ல பசை நிக்கல. என் வலது காது கழண்டு வஞ்சிரக் கூடையில விழுந்திருச்சு. கூடைக்காரம்மாதான் அலசி எங்கிட்டக் கொடுத்துச்சு. என் பேரையே போட்டுக்க."