சிவப்பு ரிப்பன்

வெள்ளை ரிப்பன் கட்டிய மிளகுக்கொடி வாட வேண்டும். சிவப்பு ரிப்பன் கட்டிய கொடி தழைக்க வேண்டும். அதுதான் பேச்சு.

வாடல் நோய்க்கு, வேரில் ஊற்றுகிற புது மருந்து. ஆராய்ச்சிக்குப் பாதிச் செலவு அரசாங்கம், பாதி கம்பெனி. கொட்டச்சேட்டில் மேனகாவின் தோட்டத்திலும், வேலிக்கு அந்தப் பக்கம் அத்தாயியின் தோட்டத்திலும் சோதனை. சிவப்புக்கு மருந்து உண்டு, வெள்ளைக்குக் கிடையாது. மழை முடிந்ததும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால், வருகிற வருஷம் ஊருக்கே மருந்து இலவசம்.

ஜீப் சத்தம் கேட்டதும் மேனகா கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊரே பின்னால் வந்தது.

ஆராய்ச்சி அதிகாரி விஜயகுமார் மேனகாவின் தோட்டத்தில் முதல் சிவப்புக் கொடியைப் பார்த்தார். கரும்பச்சை இலை. சரம் சரமாய்க் காய்.

"பிரமாதம்!"

கூட்டம் கைதட்டியது.

அடுத்தது வெள்ளை. அதுவும் கரும்பச்சை. அதிலும் சரம் சரமாய்க் காய்.

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. அதிகாரியின் முகம்தான் தொங்கிப் போனது.

"ஏனுங்க சார், நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றாள் மேனகா.

"அதாம்மா வினையே! ஊத்தினாலும் பச்சை, ஊத்தாட்டியும் பச்சை. அப்புறம் மருந்து எதுக்குன்னு மேலே கேப்பாங்களே!"

கம்பெனி விஞ்ஞானி ரிஸ்வானா உதட்டைப் பிதுக்கினார். "இதைக் காட்டினா எங்க பாதி வராது சார்."

"அப்ப எங்க பாதியும் வராது."

மருந்து வராவிட்டால் அடுத்த மழைக்கு மேனகாவின் தோட்டமே போய்விடும். அப்போதுதான் அவளுக்கு அந்தக் குடம் ஞாபகத்துக்கு வந்தது.

"சார்! இது அத்தாயியக்கா வேலைங்க!"

ஆடி மாசத்தில் ஒருநாள் விடியற்காலை, அத்தாயி குடத்தோடு மேனகாவின் வெள்ளை ரிப்பன் கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "தண்ணி ஊத்தறேன் கண்ணு" என்றாள். கொட்டுகிற மழையில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? செய்வினைதான் என்று பயந்துபோன மேனகா, அன்றோடு பேச்சை விட்டாள். அந்த வேலிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"ஏம்புள்ள அத்தாயி, உன்ற வயித்தெரிச்சலுக்கு ஊருத் தோட்டமெல்லாம் காயோணுமா?" என்று கூட்டத்திலிருந்து ஊர்ப் பெரியவர் ஐயாக்கண்ணு எகிறினார்.

அத்தாயி முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க ஊத்துனேன். தண்ணியில்லீங்க, மருந்துதான்."

"ஏன் ஊத்தினீங்க?" என்றார் அதிகாரி.

"எனக்குக் காப்பிச்செடி இருக்குதுங்க. இவளுக்கு இந்த மொளகை உட்டா வேற ஒண்ணுமில்லை. பாதிக் கொடியைச் சாகக் குடுத்துப்போட்டு, பச்சப்புள்ளையை வெச்சுக்கிட்டு என்னத்தைத் திம்பா?"

மேனகா அவள் கிட்டே போனாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களாக்கா..."

"சொன்னா உட்டிருப்பியா நீ? ஆபீசர் வைவாருன்னு ஊட்டுக்குள்ள போய்த் தாப்பாப் போட்டிருப்பே. நொம்பத் தைரியசாலியாச்சே!"

சிரிப்பு எழுந்தது. ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை.

"மருந்தை அளந்துதானே கொடுத்தோம்? வெள்ளைக் கொடிக்கு ஊத்த உங்களுக்கு ஏதுங்க மருந்து?"

அத்தாயி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

விஜயகுமாருக்கு என்ன தோன்றியதோ, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கினார். பிறகு மலையே அதிர ஒரு கத்தல்.

"மேடம், ஓடி வாங்க! நாம தேடின வித்தியாசம் இங்க இருக்கு! மருந்து வேலை செய்யுது மேடம்! ஊருக்கே வாங்கிடலாம்!"

ஊர் விசிலடித்துக்கொண்டு ஓடியது. மேனகாவும் குழந்தையை அணைத்துக்கொண்டு வேலியருகே ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

அத்தாயியின் தோட்டத்தில் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி கருகித் தொங்கியது.

வெள்ளை ரிப்பன் கட்டியவை எல்லாம். சிவப்பு ரிப்பன் கட்டியவையும் எல்லாம்.