மூன்றாம் நம்பர் பம்புக்குப் பொட்டு

“இந்த பம்ப நிறுத்தியாகணும் சார். பேரிங் போயிடுச்சு. மாத்த ரெண்டு நாள் ஆகும்.”

பம்புகளைச் சோதிக்க வெளிக் கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியன் இப்படிச் சொன்னதும் மேனேஜர் நாச்சியப்பனின் முகம் கறுத்தது. பக்கத்தில் நின்ற தம்புசாமியின் முகமோ மலர்ந்துவிட்டது. மலர்ந்ததை மறைக்க அவர் குனிந்து, சுத்தமாகவே இருந்த தரையைத் துணியால் துடைத்தார்.

கிள்ளானில் செம்பனை எண்ணெய் சுத்திகரிக்கும் அந்த ஆலையில், மூன்றாம் நம்பர் பம்பு பதினெட்டு வருடமாகத் தம்புசாமியின் பொறுப்பு. அது ஓடினால் அவர் அங்கே இருக்க வேண்டும். அது நின்றால்தான் அவருக்கு லீவு. நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய மகள் சிவகாமியைப் பெண் பார்க்க சுபாங் ஜெயாவிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை பேர் வாசு, கம்பெனி உத்தியோகம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு போட்டோகூட வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் பையனை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஓய்வு நாள்தான். ஆனால் பெண் வீட்டுக்காரர்கள் தேதியை மாற்றச் சொன்னால் நன்றாக இருக்காது என்று மனைவி இராஜம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். நாச்சியப்பனிடம் மூன்று முறை லீவு கேட்டுப் பார்த்தார். துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது என்று மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது.

இப்போது பம்பே பார்த்து அவருக்கு லீவு கொடுத்துவிட்டது.

மேனேஜர் லேசில் நம்பவில்லை. டெக்னீஷியன் பொறுமையாகக் கையிலிருந்த பெட்டியின் திரையைத் திருப்பிக் காட்டினான். பம்பின் தலையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சென்சார், காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. பம்பின் அதிர்வை அது வயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்ப, திரையில் அலை ஓடும். மற்ற ஐந்து பம்புகளின் அலையும் ஒழுங்காக ஓடியதாம். இது மட்டும் எகிறிக் குதித்தது.

தம்புசாமியும் எட்டிப் பார்த்தார். அலையிலிருந்து வயருக்கும், வயரிலிருந்து சென்சாருக்கும் அவர் பார்வை போயிற்று. சென்சாரின் அடியில் மஞ்சளாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஓர் ஆள் வந்து, சென்சார் ஒட்டும் இடம் என்று ஒவ்வொரு பம்பிலும் சிவப்பு பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தான். இன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் காலையில் தம்புசாமி தம் பம்புக்குப் பொட்டு வைத்தார். அழகான வட்டத்தைப் பார்த்ததும் விரல் தானாக அங்கேதான் போயிற்று. சந்தனமும் தாராளம், மேலே குங்குமமும் தாராளம். சென்சார் இப்போது பம்பின் மேல் நிற்கவில்லை, அவர் வைத்த பொட்டின் மேல் ஆடிக்கொண்டு நிற்கிறது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நாளைக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்கலாம். மேனேஜர் பம்பை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கிவிட்டார்.

பதினெட்டு வருடமாகச் சோறு போடும் மிஷின் மேல் இல்லாத நோயைச் சொல்ல தம்புசாமிக்கு மனசு வரவில்லை.

“தம்பி, அதைக் கொஞ்சம் கழட்டுங்க. அடியில என் சந்தனம் இருக்கு.”

டெக்னீஷியன் கழற்றிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். துடைக்காமல் ஒட்டியது தன் தப்பு என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வட்டத்தைத் தேய்த்துத் துடைத்து மறுபடி ஒட்டினான். திரையில் அலை சாதுவாக ஓடியது.

“நல்ல வேளை லா தம்புசாமி” என்றார் நாச்சியப்பன். “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க.”

அவர் போன பிறகு டெக்னீஷியன் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

“சும்மா இருந்திருந்தா ரெண்டு நாள் லீவு கெடைச்சிருக்குமே அண்ணே?”

“அதை ஏன் கேக்குறீங்க தம்பி” என்று ஆரம்பித்த தம்புசாமி, பெண் பார்க்க வருவது, தேதியை மாற்றக் கூடாது என்று இராஜம்மா பிடித்த பிடிவாதம், கம்போங் மேடான் வீட்டுக்கு அடித்த புது பெயிண்ட் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டியதும் மனசு லேசாகிவிட்டது. பையன் நல்லவனாக இருந்தால் சரி, இராஜம்மா பார்த்தாலும் தான் பார்த்த மாதிரிதான் என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

டெக்னீஷியன் சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான். இனிமேல் பொட்டை வட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னான். பிறகு, ஒரு போன் பேச வேண்டுமே என்றான்.

தம்புசாமி அவனைக் கேட்டை ஒட்டி, காவலாளி இருக்கும் ஜாகா அறைக்குக் கூட்டிப் போனார். ஆபீசுக்குத்தான் பேசப் போகிறான் என்று நினைத்து, மரியாதையாகத் தள்ளி நின்றார்.

“அம்மா, நாளைக்கு வேணாம், ஞாயித்துக்கிழமை போவோம். இல்லம்மா, பொண்ணு வீட்டுல ஒன்னும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்.”

காலையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்று கூப்பிட்டவன், போனை வைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்பினான்.

“பொண்ண ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கிறேன். உங்களத்தான் இன்னிக்கே பார்த்தாச்சே, மாமா.”