ஆறாவது படகு

நடுவர் பூதக்கண்ணாடியைக் கப்பலின் மேல் பிடித்ததும் தையல்காரி ஒரு அடி பின்வாங்கினாள். மேல்தளத்தில் ஆறு படகுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்தான். ஆறில் ஒன்று அவள் திருட்டுத்தனமாகச் செய்து வைத்தது.

மேசைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அவள் புருஷனுக்கு அது தெரியாது. தெருவில் அவரைக் கேப்டன் என்பார்கள். பஸ் டிப்போவில் வண்டி வரும் நேரம் போகும் நேரம் குறிப்பவர். குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

மூன்று வருடமாக அவர் இந்தப் பொம்மைக் கப்பல் போட்டிக்குப் பாய்மரக் கப்பல் கட்டுகிறார். மூன்று வருடமும் இதே நடுவர், கப்பல் பரவாயில்லை, படகுகள்தான் கொத்திப் போட்ட விறகு மாதிரி இருக்கின்றன என்று ஒதுக்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் மனிதர் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருடம் விடுவதில்லை என்று படகுக்காகவே நான்கு மாதம் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். காப்பி கொடுக்கப் போனால்கூடக் கதவு பாதிதான் திறக்கும். கடைசியில் ஆறு படகுகளையும் வர்ணம் பூசிக் கொண்டுவந்து காட்டியபோது அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து வியந்தாள். ஒரு படகுக்கு மூன்று வாரம் பிடித்தது என்றார்.

பத்து நாளைக்கு முன்னால், அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று அவள் அறைக்குள் நுழைந்தாள். துணி பட்டு ஒரு படகு தரையில் விழுந்தது. சாக்பீஸ் முறிகிற மாதிரி இரண்டாக முறிந்தது, ஒரு சிராய்கூட இல்லை. இவ்வளவு நேர்த்தியாக இழைத்ததைப் பாவி கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கப்பலின் ஒவ்வொரு துண்டும் என் கையால் செய்தது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவர், அதை அவளுக்கு இரண்டு தடவை வாசித்தும் காட்டியிருந்தார். போட்டிக்குப் பத்தே நாள் இருக்கையில் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

உடைந்துபோன மரக்கரண்டியின் காம்பு ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்து, உடைந்த படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பது பகல் பிளேடால் சீவிச் சீவி இன்னொன்று செய்தாள். படகின் அடியில் நடுவாக ஒரு மெல்லிய கோடு ஓடியது. எதற்கென்று புரியாவிட்டாலும், காரணமில்லாமல் போட்டிருக்க மாட்டார் என்று ஊசி முனையால் அதையும் கீறி வைத்தாள். மேலே அவர் வர்ணத்தில் மிஞ்சியதைப் பூசினாள்; அதுவரை ஒவ்வொரு மாலையும் உடைந்ததை ஒட்டி அதன் இடத்தில் வைத்தாள்.

விரலில் இரண்டு காயம். அவர் கேட்டதற்கு ஊசி ஏறிவிட்டது என்றாள். முப்பது வருடமாக ஊசி ஏறாத விரல். அவரும் நம்பினார். புதுப் படகைப் பார்த்தும் ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்கவில்லை. அந்த நம்பிக்கைதான் அவளைத் தின்றது.

நடுவர் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்தவர், வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கஷ்டம். படகுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், நகத்தால் கீறினார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். படிவத்தை எடுத்துக் கையெழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் படகுகளுக்கு வந்தார்.

கேப்டனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. மெதுவாக அவள் முழங்கையைப் பிடித்தார்.

"வா, போயிடலாம். பரிசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

புருஷன் கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. கட்டினவள் மானத்தை வாங்கிவிட்டாளே என்றுதான் இப்படிக் கூனிக் குறுகுகிறார். இத்தனை பேர் நடுவில் அவரைத் தலைகுனிய வைத்ததற்கு நான் செத்தே போகலாம் என்று அவள் வெட்கி நின்றாள்.

நடுவர் அவள் செய்த அந்த ஒரு படகை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?"

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். பழியை அவர் தலையில் போட்டுவிட்டுச் சும்மா நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்கய்யா. அவரு செஞ்சத ஒடச்சிட்டு, அவருக்கே தெரியாம இதச் செஞ்சு வச்சேன். மத்த அஞ்சும் அவரு கையால செஞ்சது. என் தப்புக்காக அவரத் தள்ளிடாதீங்க."

பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் தலையைத் தூக்கவே இல்லை. நடுவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவள் செய்த படகை அவள் கையிலேயே வைத்தார்.

"அந்த அஞ்சும் கடையில விக்கிற, அச்சுல வார்த்த படகு, அடியில இருக்கிற கோடு அச்சு ஒட்டுன தடம். கையால செஞ்சது இது ஒண்ணுதாம்மா."