சுருளியாண்டி வாசித்த பேப்பர்

கூடலூரில் கர்ணன் டீக்கடைக்கு வரும் தமிழ்ப் பேப்பர், வடையில் எண்ணெய் ஒற்றுவதற்குத்தான் ஆகும். அதில் உள்ளதை ஒருவரும் நம்புவதில்லை.

"நம்ம பேப்பரு ஏத்திவிடும்ணே. டிவிக்காரன் அதுக்கும் மேல. ஏலே சுருளி, அவுக பேப்பர்ல என்ன போட்டுருக்குன்னு வாசி" என்பாள் பவுனு.

பவுனுவும் இன்னும் சில பெண்களும் தினமும் சுருளியாண்டியின் ஜீப்பில் கேரளா எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். அந்த வருடம் அணைத் தண்ணீருக்காகத் தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றன. வேலைக்குப் போனால் பயம். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

சுருளியாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளியில் வாங்கிவந்த மலையாளப் பேப்பரை ஸ்டியரிங்கில் விரித்து வாசிப்பான். அங்கே நல்ல மழையாம். மத்தி மீன் மலிந்துவிட்டதாம். சண்டையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொள்வார்கள்.

அன்று கர்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மலையாளம் அவருக்குப் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. ஆனால் படத்துக்கு என்ன பாஷை? ஒரு கூட்டம் எதையோ கொளுத்திக்கொண்டிருந்தது.

"இது என்ன மாப்ள?"

"கோயில் திருவிழா மாமா. பந்தம் பிடிக்கிறாக."

"சாமி எங்க?"

"பின்னாடி வருது. படத்துல விழுகல."

பெண்கள் சிரித்தார்கள். கர்ணன் சிரிக்கவில்லை. வண்டி ஓட வேண்டும் என்பதற்காகப் பொம்பளைகளைப் பொய் சொல்லி ஏற்றிப் போகிறான். போதாததற்குப் போகும்போது கடைப் பேப்பரையும் சுருட்டிக்கொண்டு போகிறான். குமுளியில் நாலு பேர் முன்னால் இவன் குட்டை உடைத்துவிடுவது என்று, கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு அவரும் ஜீப்பில் ஏறினார்.

குமுளி டீக்கடை முன்னால் ஒரு கூட்டம் விறைப்பாக நின்றது. ஜீப்பைக் கண்டதும் நாலைந்து பேர் வழியை மறித்தார்கள்.

சுருளியாண்டி சாவகாசமாக இறங்கினான். சட்டைக்குள்ளிருந்து கர்ணன் கடைப் பேப்பரை எடுத்து, மலையாளத்தில் வாசிக்கத் தொடங்கினான். கம்பம் ஊரில் நல்ல மழையாம். திராட்சை மலிந்துவிட்டதாம்.

கர்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அவரே ஓர் எழுத்து விடாமல் வாசித்த பேப்பர் அது. முதல் பக்கம் முழுக்கச் சாலை மறியல்.

கூட்டத்தில் ஒரு பெரிய மீசைக்காரர் முதல் பக்கப் படத்தில் விரலை வைத்தார். நடுரோட்டில் வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து, கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அது கல்யாணப் பந்தி என்றான் சுருளியாண்டி. கூட்டம் கொள்ளாமல் ரோட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்களாம்.

மீசைக்காரர் நம்பவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய கர்ணனிடம் பேப்பரை நீட்டினார்.

"அண்ணாச்சி தமிழல்லே? இவன் வாயிச்சது சரியாணோ? பந்தியில எந்தினா எல்லாரும் கை தூக்குன்னது?"

குட்டை உடைக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கர்ணன் சுருளியாண்டியைப் பார்த்தார். அவன் முகத்தில் வேர்த்திருந்தது. ஜீப்புக்குள் பவுனு தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"சாம்பார் இன்னும் வரல சேட்டா. அதான் கையத் தூக்கிக் கூப்புடுறாக."