கூட வருபவருக்கு இலவசம்

மீன் காட்சியகத்தின் கவுன்டரில் இன்று புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

வழக்கமாக இருக்கும் வழுக்கைத் தலைக்காரர் எங்களைப் பார்த்ததுமே உள்ளே போகச் சொல்லிவிடுவார். புதன்கிழமை காலை, ஒரு டிக்கெட், கூட வருபவருக்கு இலவசம். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அப்படி ஓர் அட்டை கொடுக்கிறார்கள். சம்பளமில்லாத வேலைக்கு இதாவது கிடைக்கிறதே.

நான்கு வருடமாக என் மனைவியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் இடிந்துபோனால் வீடு என்னாவது?

அதற்குப் பிறகு அவள் படுத்துகிற பாடு கொஞ்சமா? சமையலறை அலமாரி முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். தட்டு, உப்பு, டம்ளர். நாற்பது வருடம் புழங்கிய வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று ஒருத்திக்கு மறந்துபோகுமா? வாசற்கதவுத் தாழ்ப்பாளை ஆள் வைத்துக் கழற்றி, உச்சியில் கொண்டுபோய் மாட்டச் சொன்னாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கே கிளம்பினாலும் அவள் பையில் என் மாற்றுத்துணி ஒரு செட் இருக்கும். எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

ரோட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தாளானால் உடும்புப்பிடி. தொலைந்துபோவோமோ என்று பயம், பாவம்.

எனக்கு ஓய்வு கொடுக்க மாதம் இரண்டு முறை ஓர் அம்மாளை வேறு அனுப்புகிறார்கள். அதுவும் இந்த அட்டைக்கு உண்டான சலுகைதான். கூத்தைக் கேளுங்கள், அந்த அம்மாள் வந்ததும் இவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். அந்த அம்மாள் மூன்று மணி நேரம் என்னோடு சீட்டாடிவிட்டுக் கிளம்புகிறாள். கேட்பாரில்லை.

இங்கே மட்டும்தான் இவளுக்கு நிம்மதி. பெரிய தொட்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தால் என் தோளில் சாய்ந்து அரை மணி நேரம் அசந்து தூங்குவாள். என் கையை மட்டும் விடமாட்டாள். வாரத்தில் அவள் அப்படித் தூங்கி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதற்காகவே தவறாமல் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கவுன்டர் பெண் அவளிடமிருந்து அட்டையை வாங்குகிறாள்.

"அட்டை யாரோடதுங்க?"

என்னுடையதுதான் என்று நான் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

அந்தப் பெண் அட்டையைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். மறுபடி அட்டையைப் பார்த்துவிட்டு என்னவோ சொல்ல வாயெடுக்கிறாள். என் மனைவி, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்று லேசாகத் தலையசைக்கிறாள்.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? அட்டையில் ஏதோ கோளாறு. உள்ளே விடவில்லை என்றால் இன்றைக்கு இவள் தூக்கம் போச்சு.

என் காலத்தில் அடுத்தவர் பாஸில் ஏறி மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். தெரியாம வந்துட்டேன் சார். ஒருவரையும் நான் நம்பியதில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை.

கையை நீட்டி அட்டையை வாங்குகிறேன். கழுத்தில் அவள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். முதலில் படம், பிறகு பெயர், பிறகு ஆள். அதுதான் முறை.

படத்தில் இருப்பது அவள்.

ஆபீஸில் மாற்றி ஒட்டித் தொலைத்துவிட்டார்கள் என்று கோபம் வருகிறது. படத்துக்கு மேலே பராமரிப்பாளர் என்று அச்சடித்திருக்கிறது. கீழே, பராமரிக்கப்படுபவர் என்ற இடத்தில் என் பெயர். பிறந்த தேதியும் என்னுடையது.

இன்னொரு தடவை படிக்கிறேன்.

அன்றைக்கு அவள் அழுதுகொண்டிருந்தபோது டாக்டர் என் முகத்தைத்தான் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டில் பிடி இறுகுகிறது. திரும்பி அவளைப் பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. நான்கு வருடம் சரியாகத் தூங்காத முகம்.

அட்டையை அவள் கையில் கொடுக்கிறேன். பிறகு கவுன்டர் பெண்ணிடம் சொல்கிறேன்.

"தெரியாம வந்துட்டேன்மா."