அடிப்பக்கம்

முதுகு கடுத்தது.

மூன்று மாதம் குனிந்தே கிடந்த முதுகு. காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு முதுகுவலி புதிதில்லைதான். ஆனால் காரைச் சுற்றி நடந்து அடிக்கலாம். இதை மேசைமேல் மல்லாத்திப் போட்டு, மூச்சை அடக்கி, ஊசிமுனைத் தூரிகையால் ஒவ்வொரு ஆணித்தலையாக வைக்க வேண்டியிருந்தது.

பொம்மை விமானம். பொம்மை என்றால் இதன் சொந்தக்காரரான பல் டாக்டருக்குக் கோபம் வரும். பழைய போர்விமானம் ஒன்றின் அச்சு அசல், ஆறில் ஒரு பங்கு அளவு. மூக்கில் விசிறி, வயிற்றில் பேட்டரி, இறக்கை முனைக்கு முனை ஓர் ஆள் நீளம்.

டாக்டர் கட்டினார். பெயிண்டர் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வர்ணம் கொடுத்தான். வேலை நடந்த நாளெல்லாம் டாக்டர் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் தட்டு வைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனுஷன். அதுதான் குறை.

மேல்பக்கத்துக்குச் சுவரில் படம் ஒட்டிப் பார்த்துப் பார்த்து அடித்தும் மூன்று தடவை பிசகிச் சுரண்டினான். அடிப்பக்கத்தை ஒரே நாளில் முடித்தான். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கு முதல் பறப்பு. ஊருக்கு வெளியே வெட்டவெளி, நடுவில் புல்லை ஒட்ட வெட்டிய ஓடுபாதை. டாக்டரின் மச்சினன் செல்போனைத் தூக்கிப் பிடித்து வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான்.

"இத்தனை நாளா எங்க மாமா பல்லைப் புடுங்கினாரு. இன்னிக்கு மானத்தைப் புடுங்கப் போறாரு, எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க!"

"வாயை மூடுறா. கடைவாய்ப் பல்லு ஒண்ணு மிஞ்சாது உனக்கு."

சிரித்துக்கொண்டே டாக்டர் ரிமோட்டின் குச்சியை வலமும் இடமும் ஆட்டினார். இறக்கை ஓரத்து மடல்கள் ஆடின. ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தார். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவில்லை. கண் செல்போனில் இருந்தது.

பெயிண்டர் பார்த்தான்.

கட்டைவிரல் கணக்கு. டாக்டரே சொல்லிக்கொடுத்தது. குச்சியைப் பிடித்த கையில் கட்டைவிரலை நட்டுக்கொள்ள வேண்டும். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மடல் எழும்ப வேண்டும்.

டாக்டர் குச்சியை வலம் தள்ளியபோது பெயிண்டரின் கட்டைவிரல் தன்னால் நிமிர்ந்து வலம் சாய்ந்தது.

எழும்பியது இடது மடல்.

நேற்றுதான் மடலை ஆட்டும் குட்டி மோட்டார்களை டாக்டர் மாற்றினார். எங்கேயோ தலைகீழாக மாட்டிவிட்டார். இப்படியே ஏறினால், வலம் போ என்றால் இடம் போகும். மூன்று மாத வேலை மண்ணோடு மண்.

ஒரு வார்த்தை போதும்.

"எல்லாம் சரிதானே பெயிண்டரே? உங்க கண்ணுக்குத் தப்பாது."

"சரியா இருக்கு டாக்டர். விடுங்க."

நாக்கு கூசவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

விமானம் புல்லில் ஓடி, துள்ளி, எழும்பியது. பாதையின் கோடிக்குப் போய் நின்றிருந்த அவன் தலைக்கு மேலேயே வந்தது. மின்கம்பத்து உயரம். பேட்டரி விமானம், வண்டு முனகுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். நிஜச் சத்தம் கேட்டிருந்தால் அவன் கால் நின்றிருக்காது.

அண்ணாந்தான்.

வெளிர்நீல வயிறு. அதில் புகை படிந்த கோடு. இடது இறக்கைக்கு அடியில் நிறம் ஒவ்வாத சதுரத் தகடு ஒன்று, கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டதுபோல.

அச்சு அசல்.

டாக்டர் வலம் ஒடித்தார். இடம் சரிந்தது. பதறி இன்னும் ஒடித்தார். மல்லாந்தது. அப்படியே மூக்கால் மண்ணைக் குத்தியது.

மச்சினன் செல்போனை இறக்கினான்.

டாக்டர் ஓடிப்போய், முழுசாக மிஞ்சிய இடது இறக்கையை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சிடுங்க பெயிண்டரே. உங்க மூணு மாச உழைப்பை ஒரு நிமிஷத்துல நாசம் பண்ணிட்டேன். என் கைதான் தப்பு."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மரம்போல நின்றான். கேட்க வேண்டாதவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் டாக்டர் இறக்கையைத் திருப்பினார். சதுரத் தகட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"இந்த ஒட்டு எந்தப் படத்துலயும் இல்லையே. அன்னிக்கே கேக்க நெனச்சேன். எங்க பாத்தீங்க இதை?"

"கீழ இருந்து," என்றான்.

அப்போது பன்னிரண்டு வயது அவனுக்கு. போர் நடந்த ஊரில் ஒரு வாய்க்கால் பள்ளம். தூரத்தில் ஓடி வந்த அம்மா கத்தினாள்: தங்கச்சி மேல கவுந்து படுடா, அண்ணாந்து பாக்காதடா.

படுத்தான். அடியில் தங்கச்சி, ஆறு வயது, அவன் சட்டையைக் கடித்துக்கொண்டு.

ஆனால் விமானத்தை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை. சத்தம் தலைக்கு மேல் வந்ததும் ஒரே ஒரு தடவை, அவளைவிட்டுப் பக்கத்தில் புரண்டு மல்லாந்தான்.

ஒட்டுத் தகட்டின் ஆணிகளை எண்ணுகிற அளவுக்குப் பக்கம்.

சுட்டுவிட்டுப் போனது. பள்ளத்திலிருந்து அவன் மட்டும் எழுந்தான். ஒரு கீறல் இல்லை.

இன்றைக்கு விழுந்தது பொம்மை. தங்கச்சிக்கு மறைப்பாகத் தர வேண்டிய முதுகு அவனிடமேதான் இருக்கிறது. இன்னும் பாக்கி.