பருவத்துக்கு முன்னே

“எல்லா ஆடும் ஒரே நாள்ல குட்டி போடணும் டாக்டரம்மா. அதுவும் சீக்கிரமா. முடியுமா?”

கொட்டகை வாசலில் பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் கேட்டாள் ஆட்டுக்காரி. கால்நடை டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, இது பகல் நீளமா இருக்கிற காலம். ஆடு கிடாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பொழுது சுருங்கினாத்தான் அதுங்களுக்கு அந்த நினைப்பே வரும். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்க முடியாது.”

“ஏன்? இப்ப சேர்த்தா குட்டிக்கு நல்ல விலை கிடைக்குமா?”

“விக்கிறதுக்கு இல்ல.”

தீவனம் அள்ளிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். “நானும் கேட்டுப் பார்த்துட்டேன் டாக்டர். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் எங்க அண்ணிக்கு. உலை கொதிக்கறதுக்குள்ள தட்டு வைக்கிற ஆளு!”

 டாக்டர் பையைத் திறந்து, விரல் நுனி அளவு பஞ்சு ஒன்றை எடுத்து ஆட்டுக்காரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“மருந்து ஊறின பஞ்சு. இதை ஆட்டோட கருப்பை வாய்கிட்ட வெச்சா, அதோட உடம்பு, தான் சினையா இருக்கிறதா நம்பி அடங்கிடும். எல்லாத்துக்கும் ஒண்ணா வெச்சு, ஒண்ணா எடுத்து, ஒரு ஊசி போட்டா, தூங்கிட்டிருந்த உடம்பெல்லாம் ஒரே நேரத்துல முழிச்சுக்கும்.”

ஆட்டுக்காரி பஞ்சை இரு விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டினாள்.

“இத்துனூண்டு பஞ்சு, சூரியனையே ஏமாத்திடுமா?”

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ பட்டிகளில் செய்த வேலை. யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“ஏமாத்தும் அக்கா. ஆனா ஒரே நாள்னு சத்தியம் பண்ண மாட்டேன். சிலது முன்னப் பின்ன ஆகும். சிலதுக்கு சினை தங்காமலும் போகும். குட்டிங்க குளிர்ல பிறக்கும். கூடவே இருந்து பார்த்துக்கணும்.”

“இருப்பேன். பஞ்சை வைங்க.”

பஞ்சை எடுத்து ஊசி போட்ட பிறகு டாக்டர் மறுபடி வந்தபோது, தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அதுவரை அசை போட்டபடி சாதுவாகக் கிடந்த ஆடுகள், வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தின. அடுத்த கொட்டகையில் கிடாக்கள் தடுப்பை முட்டின.

“கல்யாண வீடு தோத்துச்சு போங்க!” என்று காதைப் பொத்திக்கொண்டாள் நாத்தனார்.

ஆட்டுக்காரி மட்டும் தடுப்பைப் பிடித்தபடி, கோயிலில் நிற்பவள் போல அசையாமல் நின்றாள்.

“இதெல்லாம் உள்ளேயேதான் இருந்துச்சு, இல்ல?” என்றாள் மெதுவாக. “நாம கதவைத் தட்டினோம். அவ்வளவுதான்.”

மாதங்கள் ஓடின. வயிறுகள் தொங்கின. ஒரு விடியற்காலை டாக்டரின் போன் அலறியது.

“டாக்டர், போட்டது போட்டபடி கிளம்பி வாங்க!” நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. “ஒண்ணு ஆரம்பிச்சுது. பார்த்துட்டு எல்லாம் சேர்ந்துக்கிச்சு!”

கொட்டகைக்குள் நுழைந்த டாக்டருக்கு எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு தாய் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னொன்றுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஈர வைக்கோலில் ஆவி பறந்தது. ஒரு குட்டி கால் மடங்கி மாட்டிக்கொள்ள, டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மண்டியிட்டாள். உள்ளே கையை விட்டு, காலை நிமிர்த்தி, இழுத்தாள். வெளியே வந்த குட்டி மூச்சில்லாமல் கிடந்தது.

“குடுங்க!”

ஆட்டுக்காரி அதை வாங்கி, மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். “வா சாமி, வா. இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்ல நிக்கலாமா?”

குட்டி தும்மியது. பிறகு கீச்சென்று ஒரு குரல். நாத்தனார் விம்மி அழுதேவிட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் கொட்டகை நிரம்பிவிட்டது. இரண்டு ஆடுகளைத் தவிர எல்லாம் ஈன்றிருந்தன. எங்கே பார்த்தாலும் நடுங்கும் கால்கள், ஈரக் காதுகள், பால் தேடி முட்டும் மூக்குகள். தன் கைதான் இதைச் செய்தது என்பதை டாக்டரால் நம்ப முடியவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டுக்காரி ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்தோடு முகம் ஒட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காது, நெற்றி, தாடை என்று விரலால் தடவிவிட்டுத் தாயிடம் சேர்த்தாள்.

“கொஞ்சுறதுக்கு ஒரு அளவு வேணாமா அண்ணி?” என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்தபடி.

“இப்பவாவது சொல்லுங்க அக்கா,” என்றாள் டாக்டர். “சீசன்லயே இதைவிட சுலபமா வந்திருக்குமே. எதுக்கு இந்த அவசரம்?”

ஆட்டுக்காரி மடியிலிருந்த கடைசிக் குட்டியின் நெற்றியில் விரலை ஓட்டினாள்.

“சீசன் குட்டிங்க வர்றதுக்குள்ள எனக்குப் பார்வை முழுசாப் போயிடும்னு கண் டாக்டர் சொல்லிட்டார்,” என்றாள். “அதான், மிச்சமிருக்கிற வெளிச்சத்துல ஒவ்வொரு முகத்தையும் என் விரலுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன். அப்புறமும் இதுங்களை நான்தானே மேய்க்கணும்.”